சைக்காலஜி படித்தால் போதுமா?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அந்தப் பாதை எவ்வளவு நீளம், எந்த இடத்தில் வழுக்கும், இப்போது என்ன மாறிக்கொண்டிருக்கிறது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கல்லூரி அலுவலகங்களில் காத்திருக்கும் பெற்றோரிடம், “சைக்காலஜி இருக்கா சார்?” என்ற கேள்வி இப்போது சகஜம். ஒரு காலத்தில் பிள்ளை இந்தப் பெயரைச் சொன்னாலே, “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறியா?” என்று வீடு இரண்டாகும். இன்று அந்தக் கேலி குறைந்திருக்கிறது. பதிலுக்கு ஒரு கணக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது: மூன்று வருடம் பி.எஸ்சி., இரண்டு வருடம் எம்.எஸ்சி., அதன்பின் ஒரு ஏ.சி. அறை, இரண்டு நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை.

இந்தக் கணக்கில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர் நம் நாட்டுச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார். ஐந்து வருடப் படிப்பையும் முடித்துவிட்டு, மருத்துவமனை ஒன்றின் வேலை விளம்பரத்தில் ‘ஆர்.சி.ஐ. பதிவு கட்டாயம்’ என்ற வரியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நிறைய. பதினேழு வயதில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, இருபத்திரண்டு வயதில் வந்து சேர்கிறது.

யார் யார்?

மனநலம் என்றாலே நம்மூரில் எல்லோரும் ‘டாக்டர்’தான். உண்மையில் மூன்று பேர் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. வரை படித்தவர் சைக்கியாட்ரிஸ்ட். மருந்து எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவதும் பேச்சு, நடத்தைப் பயிற்சி வழியாகச் சிகிச்சை தருவதும் அவருடைய இரண்டு கைகள். கவுன்சலர் என்ற மூன்றாவது பெயருக்கு நீண்ட காலம் யாரும் வேலி போடவில்லை. முறையாகப் படித்துத் தேர்ந்த நல்ல கவுன்சலர்கள் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்கு மட்டும் சட்டத்தின் வேலி உண்டு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) சட்டப்படி, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று தனியாக வரையறுக்கிறது. அதில் மையமாக நிற்கும் நிபந்தனை, மேற்பார்வையின் கீழ் பெற்ற மருத்துவமனைப் பயிற்சி. இந்தக் கட்டுரை திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகும் இடமும் அதுதான்.

மேஜையின் அந்தப் பக்கம்

எட்டாம் வகுப்புப் பையனை அம்மா அழைத்து வருகிறார். “வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா தப்புத் தப்பா எழுதுறான்” என்பது புகார். பள்ளி ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிட்டது. மேஜைமேல் வண்ணக் கட்டைகள் வருகின்றன. அட்டையில் இருக்கும் வடிவத்தைப் போல அடுக்க வேண்டும். சைக்காலஜிஸ்ட் கையில் ஸ்டாப்வாட்ச்.

சரியா தப்பா என்று குறிப்பது வேலையில் பாதிதான். பையன் கட்டையை எடுக்குமுன் யோசிக்கிறானா, எடுத்துவிட்டு யோசிக்கிறானா? தப்பானதும் தானே கலைத்து மறுபடி அடுக்குகிறானா, அம்மா முகத்தைப் பார்க்கிறானா? நேரம் ஓடுவது தெரிந்ததும் விரல் நடுங்குகிறதா? கட்டைகளை மடமடவென்று அடுக்கிய பையன், நான்கு வரி தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சொன்னதும் வியர்த்துப் போகிறான் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. அறிவு குறையவில்லை, வாசிப்பில் மட்டும் சிக்கல். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். நாலாம் வகுப்பில் பாதி வருடம் பள்ளிக்கே போகாததன் விளைவாகவும் இருக்கலாம். இரண்டையும் அறிக்கையில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இந்த அறிக்கையின் எடை சாதாரணமானதில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் அடக்கம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகளுக்கு இந்த மதிப்பீடுதான் அடிப்படை. அவசரத்தில் போடப்பட்ட ஒரு தவறான ஐ.க்யூ. எண், பிள்ளையைத் தவறான பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இந்தியாவில் புழங்கும் சோதனைகளுக்கும் தனி வரலாறு உண்டு. பிரான்ஸில் பிறந்த பினே சோதனையை வி.வி. காமத் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தார். எழுத்தறிவு இல்லாதவர்களையும் சோதிக்கும்படி சி.எம். பாட்டியா செய்முறைச் சோதனைத் தொகுதி ஒன்றை உருவாக்கினார். ஆர்தர் மாலின், வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி தழுவினார். இவற்றில் பல அரை நூற்றாண்டைக் கடந்தவை. தமிழ்வழியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு எந்தக் கேள்வி பொருந்தாது, மதிப்பெண்ணை எந்த அளவு நம்பலாம் என்ற விவேகம் கையேட்டில் கிடைக்காது. அனுபவஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

பேச்சு மட்டுமே மருந்தா?

சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரப்படும் சிகிச்சையை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

கல்லூரியில் படிக்கும் பெண். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் குளிக்க வேண்டும். குளித்த பிறகு குழாயைத் தொட்டதால் மறுபடி குளிக்க வேண்டும். முதலில் அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுகிறார்கள். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண். பஸ் கம்பி 90, வீட்டுக் கைப்பிடி 40 என்றால், ஆரம்பம் வீட்டுக் கைப்பிடியில். தொட வேண்டும், கழுவக் கூடாது. பதற்றம் ஏறுகிறது, கண் கலங்குகிறது, “ஒரே ஒரு தடவை கழுவிக்கிறேனே” என்று கெஞ்சல் வருகிறது. சிகிச்சையாளர் அந்த இடத்தில் இரக்கப்பட்டு “சரி, கழுவிக்கோ” என்று விட்டால், நோய்க்குத்தான் உதவி செய்தவர் ஆகிறார். பதற்றம் ஏறி, நின்று, தானாகவே இறங்குவதை அந்தப் பெண் உடம்பால் உணர வேண்டும். அந்த நேரம் முழுக்க மிரட்டாமலும் ஆறுதல் சொல்லிக் கெடுக்காமலும் கூடவே உட்கார்ந்திருப்பது பயிற்சியில் வரும் திறமை.

வீட்டையும் விட முடியாது. “எல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்மா” என்று நாளெல்லாம் உறுதி சொல்லும் அம்மா, அறியாமலே நோய்க்குத் தீனி போடுகிறார். தீட்டு, மடி, பூஜை அறை என்று பழக்கம் உள்ள வீட்டில் எதுவரை வழக்கம், எங்கிருந்து நோய் என்ற கோட்டையும் பார்த்துப் போட வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகம் இதற்கு வழி சொல்லாது.

இதைத் தாண்டியும் கிளைகள் உண்டு. பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் பிறகு ஞாபகசக்தியை அளவிடும் நியூரோசைக்காலஜி, குடிநோய் மீட்பு, குழந்தை நலம், புற்றுநோய்ப் பிரிவு, சிறை, நீதிமன்றம். எந்தக் கிளைக்குப் போனாலும் அடிப்படை ஒன்றே.

வார்டில் கழியும் இரண்டு வருடம்

1896-இல் லைட்னர் விட்மர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கிளினிக் ஒன்றைத் திறந்தார். இந்தத் துறையின் பிறப்பை அங்கிருந்துதான் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் பெங்களூருவில் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம், அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் டிப்ளமோ பயிற்சியை ஆரம்பித்தது. 1974-இல் அந்த நிறுவனமும் பக்கத்து அரசு மனநல மருத்துவமனையும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. அந்த டிப்ளமோ பின்னர் எம்.ஃபில். ஆக உருமாறி, நாடெங்கும் பரவியது.

பெயர் எம்.ஃபில். என்றாலும், வரலாறு, இலக்கியத்தில் இருந்த ஆராய்ச்சிப் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதுகலைக்குப் பிறகு மருத்துவமனையிலேயே இரண்டு வருட முழுநேரப் பயிற்சி. நுழைவுத்தேர்வு, நேர்முகம் இரண்டையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் இடங்கள் சொற்பம். இரண்டு மூன்று வருடம் விடாமல் முட்டி மோதி இடம் பிடித்தவர்கள் ஏராளம்.

காலையில் ஓ.பி., வார்டு ரவுண்ட்ஸ். ஒவ்வொரு நோயாளிக்கும் கேஸ் ஹிஸ்டரி எழுத வேண்டும்: எப்போது தொடங்கியது, குடும்பத்தில் யாருக்கு இருந்தது, தூக்கம், பசி, வேலை, குடி, கல்யாணம். பிறகு கேஸ் கான்ஃபரன்ஸ். சூப்பர்வைசரும் சீனியர்களும் உட்கார்ந்திருக்க, எழுதியதைப் படிக்க வேண்டும். “நோயாளி சோகமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்கள் எதில் பார்த்தீர்கள்?” என்ற மாதிரிக் கேள்வி வரும். பதில் இல்லையென்றால் மறுபடி வார்டுக்குப் போக வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகள், சிகிச்சைப் பதிவுகள், ஆய்வேடு, வைவா எல்லாம் இதோடு சேர்ந்தவை.

சூப்பர்வைசர் திருத்துவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். நோயாளி மௌனமானதும் பதறிப்போய் அடுத்த கேள்வி கேட்பது. அறிவுரை சொல்லத் துடிப்பது. தன் அப்பாவை நினைவூட்டும் நோயாளியிடம் காரணமில்லாமல் கடுகடுப்பது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுவது. கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு, அந்தப் பயம் தவறு என்று தெரியவே சில காலம் பிடிக்கும். மிருதங்கப் பாடத்தைப் புத்தகத்தில் கரைத்துக் குடித்தவரைக் கச்சேரி மேடையில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். மனநலத்தில் மட்டும் அப்படி உட்கார வைக்கிறோம்.

மாறும் பாதை

இந்தப் பாதைதான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபிலை நிறுத்தச் சொன்னது. 2022 இறுதியில் வந்த யு.ஜி.சி. விதிகள் அதைச் செயல்படுத்தின. ஆராய்ச்சி எம்.ஃபிலுக்கு வைத்த கத்தி, மருத்துவமனைப் பயிற்சியான இந்த எம்.ஃபில். மீதும் விழுந்தது. மனநலத் துறையினர் எழுப்பிய கவலைக்குப் பிறகு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கிடைத்தது. மாற்றாக முதுகலை நிலையிலேயே கிளினிக்கல் சைக்காலஜி, அதற்கு மேல் சை.டி. எனப்படும் தொழில்முறை முனைவர் படிப்பு என்று புதிய பாடத்திட்டங்களை மறுவாழ்வு கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், 2025 கல்வியாண்டிலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது. கிளினிக்கல் அல்லாத மற்ற உளவியலாளர்கள், 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். வேலி இல்லாமல் கிடந்த நிலத்தில் கல் நடும் வேலை ஆரம்பித்துவிட்டது.

எம்.ஃபில். வரை காத்திருக்காமல் முதுகலையிலேயே தொழில்முறைப் பயிற்சி தொடங்குவதால் காலம் மிச்சமாகும், இடங்கள் கூடும் என்பது புதிய பாதையின் நன்மை. ஆனால், இடங்கள் கூடும்போது சூப்பர்வைசர்களும் கூடுகிறார்களா? பொறியியலிலும் பி.எட்.டிலும் கட்டடம் எழும்பிய வேகத்தில் ஆசிரியர்கள் வராததால் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்பார்வையின் கீழ் நோயாளியோடு கழியும் நேரத்தைக் குறைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் பெருக்கினால், எம்.ஃபில். போனது வெறும் பெயர் மாற்றமாக நிற்காது.

தேவை மலையளவு, பணியிடம்?

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. சுமார் 15 கோடி பேருக்குச் சிகிச்சை தேவை என்றும் மதிப்பிட்டது. பெரும்பாலானோர் சிகிச்சைக்கே வருவதில்லை. நோயைப் பொறுத்து இந்த இடைவெளி 70 சதவீதத்துக்கும் மேல். வருபவர்களிலும் பலர் சுற்றி வளைத்துத்தான் வருகிறார்கள். நெஞ்சு படபடப்புக்கு இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்து, “இதயத்தில் ஒன்றுமில்லை” என்று கேட்ட பிறகே பீதி நோய் என்ற பேச்சு வருகிறது.

சட்டமும் தேவையைக் கூட்டியிருக்கிறது. உடல்நோய்க்கு இருப்பதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 சட்டம். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும், தமிழக அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவையும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்கின்றன. மாவட்ட மனநலத் திட்டக் குழுவிலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இடம் உண்டு.

வேலைச் சந்தை இதற்கு ஈடு கொடுத்திருக்கிறதா என்றால், அரைகுறையாகத்தான். அரசுப் பணியிடங்கள் குறைவு. அவற்றிலும் பல ஒப்பந்த அடிப்படையில். நல்ல தனியார் வருமானம் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில் குவிந்திருக்கிறது. அதுவும் பெயர் எடுக்கச் சில வருடங்கள் பிடிக்கும். இருபத்தைந்து வயதில் கார், முப்பதில் ஃபிளாட் என்று திட்டம் போடுபவர்களுக்கு ஏற்ற துறை இல்லை இது. சொந்த ஊரிலேயே பதிவுபெற்ற ஒரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக உட்கார்ந்து, நிதானமாக வளர்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மண்ணில் கற்க

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட பாரம்பரியம் உண்டு. 1794-இல் மதராஸில் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்தது, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனை. அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வைத் தனித் துறையாக வளர்த்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பேர்போனது. தற்கொலைத் தடுப்புக்கு 1986 முதல் ஸ்நேகா. தெருவில் விடப்பட்ட பெண்களுக்கு 1993 முதல் பான்யன். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்திலும், போரூர் ராமச்சந்திராவிலும் கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி நடந்துவந்திருக்கிறது.

இதே மண்ணில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்ற, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அதன்பின், குணம் வேண்டி அந்த ஊர்த் தர்காவுக்கு வருபவர்களின் நம்பிக்கையைக் குலைக்காமல், பிரார்த்தனையோடு மருந்தையும் கொண்டுசேர்க்கும் முயற்சி அங்கே நடந்தது. இங்கே வேலை செய்யப்போகும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கோடாங்கியையும் மந்திரித்த கயிற்றையும் சந்திக்காமல் இருக்க முடியாது. கேலி செய்தால் நோயாளி அடுத்த முறை வர மாட்டார். ஒத்து ஊதினால் மாத்திரை நின்றுவிடும்.

யாருக்குப் பொருந்தும்?

“எல்லோரும் என்கிட்டதான் மனசுவிட்டுப் பேசுவாங்க” என்பது நல்ல தொடக்கம், தகுதி ஆகாது. கேட்டதை வெளியே சொல்லாத கட்டுப்பாடு வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ரகசியத்தை எப்போது, யாரிடம் உடைக்க வேண்டும் என்ற தெளிவும் வேண்டும். புள்ளியியலைக் கண்டால் ஓடக் கூடாது. நரம்பு மண்டலத்தைப் படிக்க வேண்டும். தெளிவான அறிக்கை எழுத ஆங்கிலம் வேண்டும். நோயாளியிடம் அவர் ஊர்த் தமிழில் பேசத் தெரிய வேண்டும். தன் வீட்டுக் காயத்தை ஆற்றிக்கொள்வதற்காகவே இந்தப் படிப்புக்கு வருபவர்கள் முதலில் தாங்களே ஒரு நல்ல சிகிச்சையாளரிடம் போவது நல்லது. நோயாளி ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுக்கும் நாள் இந்தத் தொழிலில் வரக்கூடும். அந்த இரவைத் தனியாகத் தாண்டக் கூடாது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

சேரும் முன் கேட்க வேண்டிய ஐந்து

1. இந்தப் படிப்புக்கு, இந்த வளாகத்துக்கு, இந்த ஆண்டுக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரி விளம்பரத்தை நம்பாமல் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

2. முடித்தால் பதிவேட்டில் எந்தப் பெயரில் பதிவாவேன்?

3. மனநல ஓ.பி.யும் உள்நோயாளி வார்டும் எங்கே? கல்லூரிக்குச் சொந்தமா, ஒப்பந்தமா?

4. முழுநேர சூப்பர்வைசர்கள் எத்தனை பேர்? ஒருவரிடம் எத்தனை மாணவர்கள்?

5. போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா?

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால், எவ்வளவு பளபளப்பான வளாகமாக இருந்தாலும் சேர வேண்டாம். பெற்றோர்கள் இந்த இரண்டையும் எல்லாக் கல்லூரியிலும் கேட்க ஆரம்பித்தால், பட்டத்தை மட்டும் விற்கும் இடங்களுக்குப் பிழைப்பு கஷ்டமாகிவிடும். கவுன்சிலும் அரசும் செய்ய வேண்டியது அதைவிட எளிது: வார்டும் சூப்பர்வைசரும் இல்லாத இடத்துக்கு அனுமதி தராமல் இருப்பது.